மின்கிற்றாரின் நாதத்தைச் செம்மைப்படுத்தும் முறை

மலைநாட்டுத் தோட்டங்களிலே தப்பு அடிப்போர், முதலில் தீமூட்டி அதன் தோலைக் காய்ச்சுதலை யாவரும் கண்டிருப்பர். பனியினாலும் மழையினாலும் நெகிழ்ந்த தோல், சூட்டினால் இறுகினாலன்றிக் கணீரென ஒலியாது. மிகக் காய்ச்சினாலோ வெடித்துவிடும். காமன் கூத்திற் கேட்கும் அவ்வோசைக்கு அடிப்பவன் கையோடு காய்ச்சுபவன் செவியும் காரணமாகும். மின்கிற்றாருக்கும் இவ்வளவறிதல் வேண்டும். ஆங்குத் தீயின் தொழிலைச் செய்வது அம்பிளிபயர் என்னும் ஒலிமிகைக் கருவி.

இன்று நம் இளைஞர் பலர் விரும்பிப் பயில்வது 'கிளாம் மெட்டல்' எனப்படும் இசையாகும். இது 1980களில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே செழித்தது. மொட்லி குரூ, ராட் முதலிய குழுவினர் இதனாற் புகழ் பெற்றனர். 1978 இல் வெளிவந்த வான் ஹேலன் குழுவின் முதல் இசைத்தட்டு இவர்க்கு வழிகாட்டிற்று. இலண்டனிலே 1962 இல் ஜிம் மார்ஷல் செய்யத் தொடங்கிய அம்பிளிபயர் வகையே இந்நாதத்திற்கு அடிப்படை. கரகரப்பு, பளிச்சென்ற தெளிவு, நெடிது நிற்றல் என்னும் மூன்றும் இதன் இலக்கணம்.

கரகரப்பு எங்ஙனம் பிறக்கின்றது? வால்வு தாங்கும் எல்லைக்கு மேல் ஒலியலையைச் செலுத்தின், அலையின் உச்சி வெட்டுண்டு தட்டையாகின்றது. அதனாற் புதிய மேற்சுரங்கள் தோன்றுகின்றன. தந்தியின் அதிர்வு தளர்ந்த பின்னரும் ஒலி எளிதிற் குன்றாது. காலஞ்சென்ற மாண்டலின் ஸ்ரீநிவாஸ் தம் கருவியை மின்மயமாக்கியும் ஒலியைத் தூயதாகவே வைத்துக் கமகங்களைத் தெளிவுறக் காட்டினார். கிளாம் மெட்டல் கலைஞரோ அலையை வேண்டுமென்றே வெட்டுகின்றனர். இருவர்க்கும் அளவே உயிர்.

இனித் திருகுகளின் அளவைக் கூறுவாம். 0 முதல் 10 வரை எண்ணிட்ட அம்பிளிபயரில் கெயின் 6, பேஸ் 4, மிட் 6, டிரெபிள் 6, பிரசென்ஸ் 5 என வைத்துத் தொடங்குக. பின்னர் ஒருமுறைக்கு ஒரு திருகை மட்டுமே மாற்றுக. தந்தியை மீட்டி உள்ளங்கையால் அடக்கிப் பார்க்க. ஒலி உடனே அடங்குதல் வேண்டும். ஒவ்வொரு மீட்டும் தனித்துக் கேட்டல் வேண்டும். அங்ஙனம் கேளாவிடின் கெயினைக் குறைக்க.

ஓவர்டிரைவ் பெடலை அம்பிளிபயருக்கு முன்னே இணைத்து, டிரைவ் 1, டோன் 5, லெவல் 8 என வைப்பின், மிகையான கீழொலி களையப்பட்டு நாதம் இறுகும். கோரஸ், டிலே, ரிவேர்ப் என்பவை கரகரப்பிற்குப் பின்னே வருதல் முறை. முன்னே வைப்பின் எதிரொலியும் வெட்டுண்டு குழம்பும். டிலேயை 400 மில்லி செக்கனாக அமைத்து இரண்டு மூன்று எதிரொலிகள் கேட்கச் செய்தல் தனி வாசிப்பிற்கு அழகு. சிறிய அம்பிளிபயரே உடையோர், அதனைத் தூய ஒலியில் வைத்து, டிஸ்டோர்ஷன் பெடலையும் அதன்பின் டிலேயையும் இணைக்கலாம். பெருங்கருவி இன்றியும் இந்நாதம் கைகூடும். பிரித்தானியாவின் டெப் லெப்பர்ட் குழுவினர், 1987 இல் வெளியிட்ட 'ஹிஸ்டீரியா' இசைத்தட்டின் கிற்றார் ஒலிக்கு ரொக்மேன் என்னும் கையடக்கப் பெட்டியைப் பெரிதும் பயன்படுத்தினர்.

சுரச்சேர்க்கையிலும் ஒரு நுட்பம் உளது. கரகரப்பு மிக்கவிடத்துப் பல சுரங்களை ஒருங்கே மீட்டின், அவை ஒன்றோடொன்று மோதி வேற்றொலிகளை எழுப்பும். ஆதலின் குரல், இளி என நம் முன்னோர் வழங்கிய சட்ச பஞ்சமங்களை மட்டும் இணைத்து மீட்டுவர்.

நிற்க, பெரும்பாலோர் இடர்ப்படுமிடம் ஒன்றுண்டு. வீட்டிலே தனித்து வாசிக்குங்கால், மிட்டைக் குறைத்துப் பேஸையும் டிரெபிளையும் உயர்த்தினால் ஒலி செவிக்கு இனிக்கும். அதே அளவோடு கோயில் திருவிழா மேடையேறினால், கீழொலியை டிரம்ஸும் பேஸ் கிற்றாரும், மேலொலியைத் தாளத்தகடுகளும் கவர்ந்துகொள்ளும்; எஞ்சிய நடுவொலியோ முன்னரே களையப்பட்டது. கிற்றார் அங்கே கேளாது. கருவி போதாதென்று எண்ணி இளைஞன் வேறொரு பெட்டி கேட்பான். தாய் கொழுந்து பறித்து ஈட்டிய ஊதியம் அதற்குச் செலவாகும். புதிய பெட்டியும் அவ்வாறே அமைக்கப்படின் முன்னைய குறையே நிலைக்கும்.

ஆதலின் வாங்குமுன், குழுவினர் அனைவரும் கூடி வாசிக்குமிடத்திலே, மேடையில் வைக்கும் ஒலியளவிலேயே மிட்டை ஒரு படி உயர்த்திக் கெயினை ஒரு படி குறைத்துக் கேட்க. நண்பர் ஒருவரைப் பார்வையாளர் இடத்தில் நிறுத்தி வினவுக. அவர் செவிக்குத் தெளிவாகக் கேட்பின், புதிய பெட்டிக்குத் தேவையில்லை.