பர்மிங்காம் பித்தளைத் தொழிலாளர் சங்கம்: ஒரு வரலாற்று விளக்கம்

நம் சங்க மலர்களில் இலக்கியம் பற்றியும் கோயில், கல்வெட்டு பற்றியும் நல்ல கட்டுரைகள் வருகின்றன. கைத்தொழில் செய்தவர்கள் ஒன்று கூடிய வரலாறு வருவது குறைவு. ஆகவே இந்த மலருக்கு அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டேன். நான் வந்தவாசிப் பக்கத்துக்காரன். மும்பையில் நாற்பது வருடமாகப் பித்தளை, செப்புத் தகடு வியாபாரம். வாசலில் மாட்டும் பெயர்த் தகடு, டாக்டர் வக்கீல் போர்டு, வார்ப்பு எழுத்து செய்கிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர். அவர்கள் கைப்படும் உலோகத்தின் சரித்திரத்தைத் தேடிப் படித்தபோது, இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துப் பித்தளைத் தொழிலாளர் சங்கத்தின் கதை கிடைத்தது. முதலாளி பக்கம் உட்கார்ந்திருக்கும் என்னையே யோசிக்க வைத்த கதை அது.

சிரேணி வேறு, தொழிற்சங்கம் வேறு

முதலில் ஒரு சொல் விளக்கம். 'சங்கம்' என்ற சொல் எங்கள் சமண மரபில் துறவியர் கூட்டத்தைக் குறிக்கும். தொழில் செய்வோர் கூட்டத்துக்குப் பழைய பெயர் 'சிரேணி'. ஜம்பூத்வீப பிரஜ்ஞப்தி என்னும் சமண ஆகமம் 18 சிரேணிகளைச் சொல்கிறது. அந்த வரிசையில் கன்னாரும் இருக்கிறார்கள். ஆனால் சிரேணியில் பட்டறைக்குச் சொந்தக்காரரும் அவரிடம் வேலை செய்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். தொழிற்சங்கம் அப்படியல்ல. கூலி வாங்குகிறவர்கள் மட்டும் சேர்ந்து, கூலி கொடுக்கிறவரோடு பேசுவதற்கு அமைத்துக்கொள்வது அது. முதலீடு ஒரு கையிலும் உழைப்பு இன்னொரு கையிலும் என்று பிரிந்த பிறகுதான் அதற்குத் தேவை வந்தது.

ஊரும் தொழிலும்

பர்மிங்காமுக்கு 'ஆயிரம் தொழில் நகரம்' என்று பெயர். 1838 வரை அதற்கு நகராட்சி உரிமையே கிடையாது. பழைய கில்டுகளின் கட்டுப்பாடும் அங்கே இல்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் வந்து பட்டறை போடலாம். விளக்கு, குழாய், கட்டில், கதவுப் பிடி, பெயர்த் தகடு, பொத்தான் என்று பித்தளையில் செய்யக்கூடியது எல்லாம் அங்கே செய்தார்கள். பெரிய ஆலைகளும் உண்டு. ஆனால் பத்து இருபது பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகள்தான் ஊரெங்கும்.

இந்தப் பட்டறைகளில் ஒரு வழக்கம். முதலாளி எல்லோருக்கும் நேராகக் கூலி கொடுப்பதில்லை. தேர்ந்த தொழிலாளி ஒருவரிடம் வேலையை மொத்தமாக விடுவார். அவர் தனக்குக் கீழே ஆட்களையும் பையன்களையும் வைத்து முடித்துக் கொடுப்பார். நம்ம ஊர் மேஸ்திரி முறைதான், வேறில்லை. போதாததற்குப் பட்டறையில் எரியும் விளக்குக்கும் எந்திரம் ஓடும் சக்திக்கும் தொழிலாளியின் கூலியிலேயே பிடித்தம் செய்வார்கள். கீழே இருக்கும் பையன் கைக்கு என்ன வந்து சேரும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1872: சங்கம் பிறந்தது

1871இல் பிரிட்டனில் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்கம் வைப்பது குற்றமில்லை, அதன் பணத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று ஆயிற்று. ஆனால் அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம், வேலை நிறுத்தத்தின்போது பட்டறை வாசலில் நின்று மற்றவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. அந்தச் சட்டம் 1875இல்தான் நீங்கியது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய அந்த இடைக்காலத்தில், 1872இல், பர்மிங்காம் பித்தளைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது.

அதைத் தோற்றுவித்தவர் வில்லியம் ஜான் டேவிஸ். 1848இல் அதே ஊரில் பிறந்து, சிறு வயதிலேயே பித்தளைப் பட்டறைக்குப் போனவர். சங்கம் தொடங்கும்போது அவருக்கு வயது ஏறக்குறைய 24தான். அப்போது சந்தையில் பித்தளைச் சாமானுக்கு நல்ல கிராக்கி. அந்த நேரம் பார்த்துக் கேட்டதால் முதலாளிகள் 15 விழுக்காடு கூலி உயர்வுக்கு இணங்கினார்கள். சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துவிட்டார்கள். வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன்: எப்போது கேட்பது என்று தெரிந்திருப்பது பாதி வெற்றி.

டேவிஸ் 1876இல் பர்மிங்காம் பள்ளிக் குழுவுக்கும், 1880இல் நகர மன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1883இல் அரசு அவரைத் தொழிற்சாலை ஆய்வாளராக நியமித்தது. அவர் இல்லாத காலத்தில் சங்கம் தளர்ந்துபோனது. 1889இல் அரசு வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் செயலாளர் ஆனார். பென்ஷன் உள்ள உத்தியோகத்தை விட்டுவிட்டு யாராவது சங்க வேலைக்கு வருவார்களா என்று இன்றைக்கு நம் வீட்டில் கேட்டால் என்ன பதில் வரும்? இல்லீங்களா?

திங்கட்கிழமைக் காய்ச்சல்

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. செம்பு உருகுவதற்கு ஏறக்குறைய 1,085 டிகிரி சென்டிகிரேடு வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே மூசையில் பித்தளையை உருக்கி அச்சில் ஊற்றும்போதெல்லாம் துத்தநாக ஆவி எழுந்து, காற்றில் எரிந்து, வெள்ளைப் புகையாகிப் பஞ்சு பஞ்சாகப் பறக்கும். அது துத்தநாக ஆக்சைடு.

அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகு, குளிர் நடுக்கம் எடுக்கும். வாயில் உலோக ருசி, உடம்பு வலி, காய்ச்சல். ஓரிரு நாளில் சரியாகிவிடும். தினமும் புகையில் நிற்பவருக்கு உடம்பு ஓரளவு பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்தால் அந்தப் பழக்கம் போய்விடும். திங்கட்கிழமை பட்டறைக்குப் போனால் மறுபடியும் நடுக்கம். அதனாலேயே இதற்குத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்று ஒரு பெயர் உண்டு. ஓய்வு எடுத்ததற்குத் தண்டனை மாதிரி வரும் நோய் இது. 1862 அளவிலேயே கிரீன்ஹவ் என்ற மருத்துவர் பர்மிங்காம் வார்ப்புக்காரர்களிடம் இதைக் கண்டு எழுதினார். தொழிலாளர்களுக்குத் தெரிந்த மருந்து, பால் குடிப்பது.

மருத்துவர் எழுதியதும் நிலைமை மாறிவிடவில்லை. வார்ப்பு அறைக்குப் புகைப்போக்கி வேண்டும், காற்றோட்டம் வேண்டும் என்று டேவிஸும் சங்கமும் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பித்தளை வார்ப்புக்கென்று தனி விதிமுறைகள் 1908இல்தான் வந்தன. கணக்குப் பாருங்கள், 46 ஆண்டுகள். நோய் என்னவென்று தெரிந்த பிறகு அதற்கு ஒரு புகைக்கூண்டு வைக்க ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருக்கிறது.

எங்கள் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சிறு வார்ப்படங்களில், வேலை முடிந்ததும் பாலும் வெல்லமும் சாப்பிடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். கேட்டால், "நெஞ்சைக் கழுவிடும் சேட்" என்பார்கள். வயிற்றுக்குப் போகும் வெல்லம் நுரையீரலைக் கழுவாது. புகையை வெளியே இழுக்கும் விசிறிதான் கழுவும். அதை அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்; பட்டறைக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன்.

விலையும் கூலியும்: ஒரு கூட்டணிச் சோதனை

கூலி உயர வேண்டும் என்றால் பொருளுக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் போட்டி போட்டு விலையை அடித்தால் அந்த நஷ்டம் கடைசியில் தொழிலாளி தலையில்தான் விடியும். இதை உணர்ந்தவர் ஈ. ஜே. ஸ்மித் என்ற கட்டில் உற்பத்தியாளர். 1890களின் தொடக்கத்தில் உலோகக் கட்டில் தொழிலில் ஒரு கூட்டணி அமைத்தார். டேவிஸ் அதை ஆதரித்தார்.

ஏற்பாடு இதுதான். உற்பத்திச் செலவை எல்லோரும் ஒரே முறையில் சரியாகக் கணக்கிட வேண்டும். அதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. கூட்டணியில் உள்ள முதலாளி சங்க உறுப்பினரை மட்டுமே வேலைக்கு வைப்பார். சங்க உறுப்பினரும் கூட்டணி முதலாளியிடம் மட்டுமே வேலை செய்வார். விலை உயர்ந்தால் கூலியோடு போனஸும் உயரும். தகராறு வந்தால் இரு தரப்பும் சமமாக அமரும் குழு தீர்க்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சில வருடம் நன்றாகவும் நடந்தது. ஆனால் 1900 வாக்கில் குலைந்துபோனது. விலை ஏறிய இடத்தில் வெளியாள் நுழைவான், உள்ளேயிருப்பவனும் ரகசியமாகத் தள்ளுபடி கொடுப்பான். கடையில் உட்கார்ந்தவனுக்கு இது புதிதில்லை. வாங்குகிறவரை மறந்துவிட்டு விற்கிறவரும் செய்கிறவரும் மட்டும் பேசி முடித்த ஒப்பந்தம் நீடிப்பது கஷ்டம். ஆனாலும் அதிலிருந்து ஒரு பாடம் மிஞ்சியது: அடக்க விலை தெரியாமல் விற்கிறவன் தன் தொழிலாளியைத்தான் விற்கிறான்.

திறமைக்குத் தேர்வு

1905இல் பர்மிங்காமிலிருந்து மூவர் பெர்லினுக்குப் போய் அங்குள்ள பித்தளைத் தொழிலாளர் வாழ்க்கையை நேரில் பார்த்து, இரு நகரங்களையும் ஒப்பிட்டு அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவர் ஆர். ஹெச். பெஸ்ட் என்ற முதலாளி. இன்னொருவர் டேவிஸ். முதலாளியும் சங்கச் செயலாளரும் ஒன்றாகப் பயணம் போய் ஒன்றாகக் கையெழுத்திட்டது கவனிக்க வேண்டிய செய்தி. ஜெர்மனியில் 1883 முதலே தொழிலாளிக்கு நோய்க்காலக் காப்பீடு சட்டப்படி இருந்தது. இளைஞர்களுக்குத் தொழிற்கல்வியும் ஒழுங்காக இருந்தது.

1910 வாக்கில் பர்மிங்காமில் ஒரு புது முறை வந்தது. பித்தளைத் தொழிலாளர்களைத் திறமைக்கு ஏற்பப் பல தரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தார்கள். இவர் இந்தத் தரத்துக்குத் தகுதியானவரா என்று சர்ச்சை வந்தால் முதலாளி சொல்வது முடிவில்லை. சங்கம் சொல்வதும் முடிவில்லை. நகரின் பித்தளைத் தொழிற்பள்ளியில் செய்முறைத் தேர்வு வைத்து முடிவு செய்வார்கள். தொழிலாளி கையால் செய்து காட்டுவார், பார்த்துத் தீர்ப்பு. என் கருத்தில் இந்தச் சங்கம் செய்த மிகச் சிறந்த காரியம் இதுதான். திறமை என்பது முகஸ்துதிக்கும் சிபாரிசுக்கும் அப்பாற்பட்டதாக ஆனது.

குறையும் சொல்ல வேண்டும். பித்தளைச் சாமானுக்கு அரக்கு மெருகு பூசுவது அந்த ஊரில் பெண்களின் வேலை. சங்கமோ ஆண்களின் சங்கமாகத்தான் எழுந்தது. பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவர்களுக்கும் நல்ல கூலி கேட்பதைவிட, சில வேலைகளிலிருந்து அவர்களை விலக்குவதில்தான் அதன் நாட்டம் இருந்தது.

தொழிலாளி எழுதிய நாணய நூல்

டேவிஸ் பெரிய பள்ளியில் படித்தவர் அல்ல. ஆனால் நாணயவியல் அறிஞர். 1895இல் வார்விக்‌ஷயர் வட்டாரத்து அடையாளக் காசுகள் பற்றியும், 1904இல் பத்தொன்பதாம் நூற்றாண்டு அடையாளக் காசுகள் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். சில்லறைத் தட்டுப்பாட்டுக் காலத்தில் வணிகர்களும் ஆலைக்காரர்களும் தாங்களே அடித்துக்கொண்ட செப்புக் காசுகள் அவை. தொழிலாளிக்குக் கூலியாகவும் கொடுக்கப்பட்டன. தன் முன்னோர் கையில் வாங்கிய காசையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார் அவர்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. பர்மிங்காமை அடுத்த சோஹோ நாணயச் சாலையில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக 1803, 1808 ஆண்டுகளின் செப்புக் காசுகளை அடித்தது. 1808ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்டனர்' கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மூழ்கியது. கடலிலிருந்து எடுத்த 10 காசு, 20 காசு நாணயங்கள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் கிடைக்கின்றன.

பிற்காலமும் நம் பக்கமும்

டேவிஸ் 1913இல் பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். 1934இல் காலமானார். பித்தளைச் சங்கம் பிற்காலத்தில் 'மெட்டல் மெக்கானிக்ஸ்' என்ற பெயரில் நடந்து, 1980களில் பெரிய சங்கத்தோடு இணைந்தது. அடுத்தடுத்த இணைப்புகளில் அந்த வரிசை 2007இல் உருவான 'யுனைட்' சங்கத்தில் வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாகப் பலரும் சொல்வது, 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காகத் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம். பி. பி. வாடியா தலைவர். ஆனால் அதற்கு விதை போட்ட செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் சிறு வணிகர்கள். கடைக்கு வரும் தொழிலாளி படும் பாட்டைக் கேட்டுக்கேட்டு மனம் பொறுக்காமல் முன்வந்தவர்கள். 1920இல் ஆலை நிர்வாகம் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அதன் தொடர்ச்சியாக வந்தது 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்று அது வழிவகுத்தது.

ஆகவே வணிகர் என்றால் தொழிலாளருக்கு எதிர்ப்பக்கம் என்று இருக்க வேண்டியதில்லை. வெளி மாநிலத்தில் வாழும் நம்மில் பலர் இன்று சிறு பட்டறையோ கடையோ வைத்திருக்கிறோம். நம்மிடம் நாலு பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் சங்கம் வைத்தாலும் வைக்காவிட்டாலும், பர்மிங்காம் தொழிலாளர் பல்லாண்டு போராடிப் பெற்ற மூன்றை நாமே கேட்காமல் கொடுக்கலாம்: புகை போக வழி, திறமைக்குத் தக்க கூலி, தொழிலைக் கற்றுக்கொள்ள நேரம். புது வீட்டுக்குப் பெயர்த் தகடு செய்யச் சொல்லும் அன்பர்கள், தகட்டின் விலையைப் பேசும்போதே அதை வார்க்கும் அறையில் ஜன்னல் இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.