“மிஸ், பாத்ரூம் போகணும்”

ஜூனில் எல்.கே.ஜி. சேரப்போகும் பிள்ளைக்கு ஏப்ரலிலேயே ‘ஏ ஃபார் ஆப்பிள்’ ஆரம்பித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். முதல் வாரம் முழுக்க என் மகள் பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடினாள். காலையிலிருந்து அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். தண்ணீர் பாட்டில் கொடுத்தபடியே திரும்பி வந்தது. எழுத்தை மிஸ் சொல்லித் தருவார். வாய்விட்டுக் கேட்பதை நாங்கள்தான் பழக்கியிருக்க வேண்டும்.

அடக்கினால் என்ன ஆகும்?

சிறுநீரை அடக்கிப் பழகும் குழந்தைக்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்று எளிதில் வரும். தண்ணீரும் குடிக்காமல் மலத்தையும் அடக்கினால் மலச்சிக்கல். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்த, சிறுநீர் முழுதாக வெளியேறாது; தொற்று திரும்பத் திரும்ப வரும்.

சேர்க்கைக்குப் போகும்போதே பள்ளிக் கழிப்பறையைப் பிள்ளைக்குக் காட்டிவிடுங்கள். வீட்டில் இந்தியன் டாய்லெட்டில் பழகிய குழந்தை வெஸ்டர்னைப் பார்த்து மிரளும். கொக்கி, பெல்ட் வைத்த உடுப்பு வேண்டாம். தானே இறக்கி ஏற்ற எலாஸ்டிக்தான் வசதி. பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்பக்கமாகக் கழுவச் சொல்லிக்கொடுங்கள்.

டிபன் பாக்ஸ்

புது டப்பாவை வீட்டிலேயே திறக்கச் சொல்லிப் பாருங்கள். என் மகள் மூடியைப் பல்லால் கடித்து இழுத்ததைப் பார்த்த பிறகுதான் டப்பாவை மாற்றினேன். முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இந்த வயதில் டப்பாவில் வைக்காதீர்கள். சாப்பிடுமுன் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுவதும் வீட்டிலேயே பழகட்டும்.

தூக்கமும் டாக்டரும்

மூன்று முதல் ஐந்து வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். காலை ஏழுக்கு எழ வேண்டுமென்றால் இரவு எட்டரைக்கு விளக்கணையுங்கள், செல்போனையும் சேர்த்து. பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்றரை வயதையொட்டிப் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் பல வீடுகளில் விட்டுப்போகின்றன. டிவிக்கு மிக அருகில் போய் உட்கார்ந்தாலோ, தலையைச் சாய்த்துப் பார்த்தாலோ கண்ணைச் சோதியுங்கள். ஒரு கண்ணில் பார்வை சரியாக வளராத ‘சோம்பல் கண்’ குறையை ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் நன்றாகச் சரிசெய்ய முடியும்.

மிஸ் பூச்சாண்டி அல்ல

பள்ளி வாசலில் அழுதால் பிள்ளைக்குத் தெரியாமல் நழுவாதீர்கள். “சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொன்னபடி போய் நில்லுங்கள்.

சோறு ஊட்டும்போது “சாப்பிடலைன்னா மிஸ்கிட்ட சொல்லிடுவேன்” என்று எங்கள் வீட்டில் எல்லோரும் மிரட்டிக்கொண்டிருந்தோம். அப்படிப் பயந்த பிள்ளை அதே மிஸ்ஸிடம் போய் பாத்ரூம் என்று எப்படிக் கேட்கும்? அந்தப் பேச்சை நிறுத்தினோம். பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, நான் மிஸ்ஸாக, அவள் கையைத் தூக்கிக் கேட்டுக் கேட்டுப் பழகினாள். மூன்றாவது வாரம் பாட்டில் காலியாக வந்தது.