வீங்கிய குடல் ஏன் நகர மறுக்கிறது?

"காற்றுப் பிரிந்ததா?" வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்தவரிடம் மருத்துவர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பெருங்குடல் மீண்டும் அசையத் தொடங்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்கு மேலும் இழுத்தால் வயிறு உப்பும், வாந்தி வரும், சாப்பாடு தள்ளிப்போகும்.

கத்தி பட்ட அதிர்ச்சி, வலிமருந்து என்று இதற்குக் காரணங்கள் பல. அதிகம் பேசப்படாத ஒன்று, நாளம் வழியாக ஏற்றப்படும் சலைன்.

இரத்த நுண்குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இரத்தப் புரதங்கள் அதை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. 1896இல் ஆங்கிலேய உடலியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் விளக்கிய கணக்கு இது. சலைன் மிகுந்தால் புரதம் நீர்த்துப்போய் பிடி தளர்கிறது. கசிந்த நீர் குடல் சுவருக்குள் தேங்கி, சுவர் வீங்குகிறது.

வீங்கிய சுவர் கனத்துப் போனதால்தான் அசையவில்லை என்று தோன்றும். விஷயம் அதைவிட ஆழமானது. குடலின் மென்தசை சுருங்க வேண்டுமானால், அதன் செல்களில் உள்ள மயோசின் புரதத்தில் பாஸ்பேட் ஒட்டியாக வேண்டும். ஹூஸ்டனில் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளின் குடலை வீங்கவைத்துப் பார்த்தபோது, இந்த ஒட்டுதல் குறைந்திருந்தது. குடல் தசைச் செல்களை மட்டும் தனியே வளர்த்து, வீக்கத்தில் நேர்வதுபோல இழுத்துவிட்டபோதும் அது குறைந்தது. அங்கே கிருமி இல்லை, நஞ்சும் இல்லை. இழுவிசை மட்டுமே இருந்தது. அந்த இழுப்பையே செல் ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டு, தன் வேதியியலை மாற்றிச் சுருங்கும் வலுவைக் குறைத்துக்கொள்கிறது. நீர் வெறும் பாரமன்று, கட்டளையும்கூட என்பதுதான் இந்த ஆய்வுகளின் அருமையான கண்டுபிடிப்பு.

மனிதரிடம் இதன் விளைவு என்ன? இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 20 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டருக்குக் குறையாமல் நீரும் அதற்கேற்ற உப்பும். மற்றதற்கு 2 லிட்டருக்கு மிகாமல் நீரும் பாதியளவு உப்பும். 2002இல் வெளியான முடிவின்படி, அதிகம் பெற்றவர்களின் இரைப்பை மெதுவாகவே காலியானது. வீடு திரும்பவும் 3 நாள் கூடுதலாக ஆனது.

அதற்காக நீரை ஒரேயடியாகக் குறைப்பதும் ஆபத்து. சுமார் 3,000 பேரைக் கொண்டு நடந்து 2018இல் வெளியான ஆய்வில், மிகக் குறைவாக நீர் பெற்றவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு அதிகமாக இருந்தது.

எனவே அளவு நோயாளிக்கு நோயாளி மாறும். அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர். தெம்பு வரும் என்று நம்பி, "இன்னொரு பாட்டில் ஏற்றுங்கள்" என்று உறவினர்கள் வற்புறுத்த வேண்டாம்.