நினைவுச் சில்லின் ஆயுள்

எழுதியதை நெடுங்காலம் காத்தல் எழுதுதலினும் அரிய தொழிலாகும். ஓலையைச் செல் அரித்தது. தாளை ஈரம் சிதைத்தது. சுழலும் காந்தத்தட்டினை அதிர்ச்சி கெடுத்தது. இந்நாளில் நம் கட்டுரைகளும், ஆய்வேடுகளும், படமெடுத்த பழஞ்சுவடிகளும் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்புக் கருவியிலே குடிகொண்டுள்ளன. இதனைப் பற்றி இருவேறு கொள்கைகள் உலவுகின்றன. சுழலும் உறுப்பு இன்மையால் இஃது என்றும் அழியாது என்பர் ஒரு சாரார். எழுத எழுதத் தேய்வதாகலின் விரைவில் மாண்டுபோம் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் முழுவுண்மை அல்ல என்பதையும், அஞ்சத்தக்க இடம் வேறொன்று என்பதையும் ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வாம்.

முதற்கண் இதன் அமைப்பினை நோக்குவாம். 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த டாவோன் காங், சைமன் ஸீ என்னும் இருவர், மின்கடத்தாப் பொருளாற் சூழப்பட்ட நுண்தகட்டில் மின்னேற்றத்தைச் சிறைப்படுத்தி வைக்கலாம் எனக் காட்டினர். ஜப்பானியத் தோஷிபா நிறுவனத்தில் பணிபுரிந்த ஃபுஜியோ மசுவோகா அக்கருத்தின் வழியே ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டார். அவருடைய நேண்ட் வகை 1987-இல் வெளிப்பட்டது. எஸ்.எஸ்.டி. இவ்வகைச் சில்லுகளால் ஆயது. இக்காலத்துச் சில்லுகள் பலவற்றில் அத்தகட்டின் இடத்தை வேறொரு படலம் ஏற்றுள்ளதாயினும் தத்துவம் ஒன்றே.

சில்லில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள. எழுதுங்கால் உயர்ந்த மின்னழுத்தம் எலக்ட்ரான்களைக் காப்புப் படலத்தினூடே அறைக்குள் புகுத்துகின்றது; அழிக்குங்கால் அவ்வழியே வெளியேற்றுகின்றது. படித்தற்கோ குறைந்த அழுத்தமே போதும். ஆகலின் படித்தலால் நேரும் கேடு மிகச் சிறிது. எழுதி அழித்தலாலேயே படலம் சிறிது சிறிதாகப் பழுதுறுகின்றது. ஓரறையில் ஒரு பிட் மட்டும் வைப்பின் ஏறத்தாழ 1,00,000 முறை எழுதி அழிக்கலாம். இரண்டு வைப்பின் 3,000 முதல் 10,000 முறை. மூன்று வைப்பின் 1,000 முதல் 3,000 முறை. நான்கு வைப்பின் அதனினும் குறைவு. என்னை? ஒரு பிட்டிற்கு இரண்டு நிலைகளைப் பிரித்தறிந்தாற் போதும். நான்கு பிட்டிற்கோ பதினாறு நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். சிறிது மின்னேற்றம் கசியினும் ஒரு நிலை மற்றொன்றாக மயங்கும்.

அற்றேல், ஆயிரம் முறையில் அழிவதை நம்புவது எங்ஙனம் எனின், கூறுவாம். கருவியினுள் அமைந்த கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று எழுத்தினை எல்லா அறைகளுக்கும் சமமாகப் பங்கிடுகின்றது. ஒரே வயலில் ஓயாது விதையாமல் நிலத்தை மாற்றி மாற்றி உழும் குடியானவனை அஃது ஒக்கும். கெட்ட பகுதிக்கு ஈடாகச் சில பகுதிகள் சேமமாக வைக்கப்பட்டுள்ளன. சிறு பிழைகளைத் தானே திருத்தும் கணக்கு முறையும் உண்டு. தி டெக் ரிப்போர்ட் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி ஏடு 2013 முதல் 2015 வரை ஆறு கருவிகளை இடையறாது எழுதச் செய்து சோதித்தது. ஒவ்வொன்றின் கொள்ளளவும் 240 முதல் 256 கிகாபைட் வரையில் இருந்தது. ஆறும் 700 டெராபைட்டைக் கடந்தன. இரண்டு 2,000 டெராபைட்டையும் கடந்தன. சாம்சங் நிறுவனம் தன் 870 ஈவோ வகையின் ஒரு டெராபைட் கருவிக்கு 600 டெராபைட் எழுத்தளவை உறுதி கூறுகின்றது. நாள்தோறும் 20 கிகாபைட் எழுதுவோர்க்கு அவ்வளவு நிறைய 82 ஆண்டுகள் செல்லும். எழுதித் தேய்ப்போம் என்னும் அச்சம் மாணவர்க்கு வேண்டுவதன்று.

நிற்க, விரைவு குன்றுதலும் உண்டு. எழுதுவது சிறு பக்கங்களாக. அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த தொகுதியாக. ஆகலின் கருவி நிரம்ப நிரம்ப, புதியதற்கு இடம் தேடி உள்ளனவற்றைப் பெயர்த்து வைக்கும் வேலை மிகுகின்றது. சிறிது இடத்தை வெறுமையாக விடுதல் நன்று. பழைய எழுத்தைப் படித்தலும் சிலபோது தளரும். 2014-இல் சாம்சங் 840 ஈவோ கருவிகளில் நெடுநாட்கு முன் எழுதியவை மிக மெதுவாகப் படிக்கப்பட்டமையின், அந்நிறுவனம் உள்நிரலைத் திருத்தி வெளியிட்டது. மின்னேற்ற நிலைகள் காலத்தால் நெகிழ்தலே காரணம்.

தேய்வின்றியும் இறப்பு வரும். 2019-இல் எச்.பி.இ. நிறுவனம், தன் கருவிகளிற் சில 32,768 மணி நேரம் இயங்கியவுடன் செயலற்றுவிடும் என்றும், உள்நிரலை மாற்றுக என்றும் அறிவித்தது. ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டில், முன்னறிகுறி ஏதுமின்றி, உள்ளதெல்லாம் ஒருங்கே மறையும் நிலை அது. கூகுள் நிறுவனக் கருவிகளை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த ஆய்வும் ஓர் உண்மையை உணர்த்திற்று. எஸ்.எஸ்.டி.க்கள் காந்தத்தட்டுகளினும் அருகியே மாற்றப்பட்டன. ஆயினும் திருத்தவொண்ணாப் பிழைகள் அவற்றில் மிகுதி.

இனி, யாம் முதற்கண் சுட்டிய இடத்திற்கு வருவாம். சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் காலப்போக்கிற் கசிந்து வெளியேறும். வெப்பம் மிகின் விரைந்து வெளியேறும். ஜெடெக் என்னும் தரநிர்ணயச் சங்கத்தின் விதிப்படி, குறித்த எழுத்தளவு முழுவதையும் முடித்த தனியார்க் கருவி, மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு எழுத்தைக் காத்தால் போதும். பெருநிறுவனக் கருவிக்கோ 40 பாகையில் மூன்று திங்களே அளவு. புதிய கருவி இதனினும் நெடிது காக்கும். ஆயினும் நன்கு உழைத்த ஒன்றை நம் கோடையிற் பேழையிற் பூட்டி, பத்தாண்டு கழித்துத் திறப்பவர் ஏமாறக்கூடும். தாலந்தைப் புதைத்த ஊழியன் அதனை முதலோடாவது திரும்பப் பெற்றான். இதனைப் புதைப்பவர்க்கு முதலும் உறுதியன்று.

ஆகலின் எஸ்.எஸ்.டி. நாள்தோறும் உழுதற்குரிய ஏர். நெடுநாள் காக்கும் களஞ்சியம் அன்று. அரியவற்றுக்கு இரு படிகளேனும் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறுவகைக் கருவியில், வேறிடத்தில் இருத்தல் நன்று. ஆண்டிற்கொருமுறையேனும் மின்னூட்டி, முழுதும் படித்துச் சரிபார்த்து, சில ஆண்டுகட்கு ஒருமுறை புதுக்கருவியிற் பெயர்த்தெழுதுதல் கடன். நம் பழநூல்கள் நம்மை வந்தடைந்தது ஓலையின் வலிமையாலன்று. ஓலை அழியுமுன் மற்றோர் ஓலையிற் பெயர்த்தெழுதினோர் கையாலே. ஓலை சில்லாயினும் அக்கையின் வேலை ஒழியவில்லை. அது நம்பால் வந்திருக்கின்றது.