போட்டோவுக்கு உடுத்திவிடும் வேலை: எமது பிள்ளைகள் போகலாமா?

சென்ற மாதம் ஒரு நாள் பிரட்டு கலைந்த பிறகு ஒரு தாய் எமது அலுவலக வாசலில் கூடையுடன் வந்து நின்றார். "ஐயா, எங்க மக ஓ.எல். எழுதிருச்சு. கூட்டாளிப் புள்ள ஒன்னு கொழும்புக்குக் கூப்பிடுது. போட்டோ புடிக்கிற எடத்துல உடுப்பு உடுத்திவிடுற வேலையாம். அனுப்பலாங்களா?" என்று கேட்டார்.

கடை வேலை, வீட்டு வேலை, கார்மென்ட் என்றால் நன்மை தீமை எமக்குத் தெரியும். இந்த வேலை பற்றி எமக்குச் சரியாகத் தெரியாது. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று அனுப்பி வைத்தோம். விசாரித்ததையே இங்கு எழுதுகிறோம்.

நல்ல வேளையாக அடுத்த கிழமையே மனைவியின் ஊரான தண்ணீரூற்றில் ஒரு கலியாணம். முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளியவளையை ஒட்டிய ஊர். ஊற்றங்கரைப் பிள்ளையாரைக் கும்பிட்டவர்களுக்கு ஊரும் தெரிந்திருக்கும். மலைநாட்டுக்கும் இந்தப் பக்கத்துக்கும் உள்ள உறவு எமது வாசகர்களுக்குப் புதிதல்ல. 1977 கலவரத்துக்குப் பிறகு லயத்தை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். அப்படி ஒரு குடும்பத்துப் பேத்திதான் மணப்பெண்ணுக்கு உடுத்திவிட வந்திருந்தார். வயது இருபத்தாறு இருக்கும். அவருடைய பாட்டி அட்டன் பக்கத்தில் கொழுந்து எடுத்தவர். இவர் கொழும்பில் இரண்டு வருடம் ஆடை அலங்கார உதவியாளராக இருந்துவிட்டு, இப்போது வன்னியில் கலியாண வேலை செய்கிறார். எமக்குத் தேவையான ஆள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அந்தப் பிள்ளை முதலில் எமது தவறான எண்ணத்தைத் திருத்தினார். முகத்துக்குப் பூசுபவர் வேறு, தலைமுடி கட்டுபவர் வேறு, உடுப்பை வடிவமைத்துத் தைப்பவர் வேறு, படம் எடுப்பவர் வேறு. எந்தப் படத்துக்கு எந்த உடுப்பு, எந்தச் செருப்பு, எந்த நகை, அதை எப்படி உடுத்த வேண்டும் என்று தீர்மானிப்பவரைத்தான் ஸ்டைலிஸ்ட் என்கிறார்கள். அவருக்குக் கையாள்தான் உதவியாளர். கங்காணி மலையைப் பிரித்துக் கொடுக்க ஆட்கள் நிரை பிடிப்பது போல என்று நாம் சொன்னபோது, "ஓம் ஐயா, ஆனா இங்க நிரைக்கு ஒரே ஒரு ஆள்தான்" என்று சிரித்தார்.

வேலையில் பெரும்பகுதி படம் எடுக்கும் நாளுக்கு முன்னரே நடக்கிறது. கடை கடையாக ஏறி இறங்கி உடுப்பு இரவல் வாங்க வேண்டும். ஒவ்வொன்றையும் கொப்பியில் பதிய வேண்டும்: என்ன உடுப்பு, என்ன நிறம், என்ன அளவு, விலை எவ்வளவு, எந்தக் கடை, எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கும்போதே கறை, கிழிசல், கழன்ற பொத்தான் உண்டா என்று பார்த்து, இருந்தால் கடைக்காரருக்கு முன்னாலேயே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பையிலிட்டு, பெயர் எழுதிக் கட்ட வேண்டும். எமது ஸ்டோரில் மருந்து, உரம் பதிவது போலத்தான். கணக்கில் கவனமில்லாதவருக்கு இந்த வேலை சரிவராது. அழகு பற்றி எவ்வளவு தெரிந்திருந்தாலும் கொப்பி பிழைத்தால் எல்லாம் பிழை என்றார்.

படப்பிடிப்பு நாளில் முதலில் வருவதும் கடைசியில் போவதும் உதவியாளர்தான். வந்தவுடன் உடுப்புகளை வரிசைப்படி கம்பியில் தொங்கவிட்டு, நீராவியால் சுருக்கம் எடுக்க வேண்டும். பட்டுக்குச் சூடான அயனை நேரே வைக்கக் கூடாது. மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து, குறைந்த சூட்டில்தான் மினுக்க வேண்டும். சரிகைப் பக்கத்தில் இன்னும் கவனம் தேவை. செருப்பு இரவல் என்றால் அதன் அடிப்பக்கத்தில் ஒட்டு நாடா ஒட்டிய பிறகுதான் போடக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் கீறல் விழும், கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். உடுப்பில் தொங்கும் விலைச் சீட்டையும் வெட்டக் கூடாது, உள்ளே மடித்து மறைக்க வேண்டும்.

எமக்கு மிகவும் வியப்பாக இருந்தது வேறொன்று. விளம்பரப் படங்களில் சட்டை ஆளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் நிற்கிறதே, அதன் முதுகுப் பக்கத்தைப் பார்த்தால் வரிசையாகக் கிளிப்புகளாம்! உடுப்பு பெரிதாக இருந்தால் பின்னால் இழுத்துப் பிடித்துக் கிளிப் போட்டுவிடுவார்கள். கமெராவுக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியும். "முன்னால மகாராணி, பின்னால ஊக்கு" என்றார் அந்தப் பிள்ளை.

அவருடைய பையையும் திறந்து காட்டினார். ஊக்கு பல அளவில், குண்டூசி, நூலும் ஊசியும், சின்னக் கத்தரிக்கோல், இரண்டு பக்கமும் ஒட்டும் நாடா, உடுப்பில் ஒட்டிய மயிர், நூல், தூசி எடுக்கும் ஒட்டு உருளை, எண்ணெய்க் கறை பட்டால் உடனே தூவ முகப்பவுடர், தையற்காரர் சுண்ணக்கட்டி. பட்டில் ஊக்குக் குத்தும்போது இடையில் வைக்கச் சின்னச் சின்னத் துணித் துண்டுகளும் இருந்தன. துணி இல்லாமல் குத்தினால் இழை இழுபட்டு ஓட்டை விழும். இதை எமது வீட்டுப் பெண்களும் கவனத்தில் எடுக்கலாம்.

படம் எடுக்கும்போது உதவியாளர் கமெராவுக்குப் பக்கத்தில் நின்று உடுப்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொசுவம் விலகியதா, தாவணி முறுகியதா, சங்கிலி திரும்பியதா? நேரில் பார்க்கும்போது எமது கண் இதையெல்லாம் மன்னித்துவிடுகிறது, படம் மன்னிப்பதில்லை. அன்றும் அப்படித்தான் நடந்தது. விடியற்காலையில் முல்லைத்தீவுக் கடற்கரையில் படம் எடுக்கப் போனோம். கடல் காற்றில் கூறைச் சேலையின் தலைப்பு நிற்கவில்லை. படம் எடுப்பவர் "சரி, சரி" என்று அவசரப்படுத்தினார். இந்தப் பிள்ளை "பொறுங்கோ அண்ணை. அக்கா, அசையாதேங்கோ" என்று ஓடிப்போய், தலைப்பின் உட்பக்க ஓரத்தில் நாலு ஊக்குகளைப் பாரமாகக் குத்திவிட்டு வந்தார். அதன் பிறகு சேலை சொன்ன சொல் கேட்டது. கொசுவத்தை முதல் நாள் இரவே மடித்து மினுக்கிக் கிளிப் போட்டு வைத்திருந்ததால், ஒரு மணித்தியாலம் எடுக்கும் சேலை உடுத்தல் பத்து நிமிடத்தில் முடிந்தது.

ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று சிலர் கேட்கலாம். வன்னியில் அப்படிக் கேட்க மாட்டார்கள். 2009 இல் கடைசியாக இடம்பெயர்ந்தபோது பெரும்பாலான குடும்பங்கள் ஆல்பங்களை இழந்துவிட்டன. மணப்பெண்ணின் தாயிடம் அவருடைய சொந்தக் கலியாணப் படம் ஒன்றுகூட இல்லை. மகளை அலங்கரித்து முடித்தபோது, "என்ரை கூறையும் இந்த நிறம்தான்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் தாயின் சேலையையும் திருத்தி ஊக்குக் குத்தி, இருவரையும் சேர்த்து நிறுத்திவிட்டார். அது ஒப்பந்தத்தில் இல்லாத படம்.

இந்த வேலை எமக்குத்தான் புதிது, எமது மலைக்குப் பழையது. பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தில் யூலியா மார்கரெட் கெமரன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணியின் கல்லறை இருக்கிறது. 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இறந்தவர். இங்கிலாந்தில் பெயர்பெற்ற படப்பிடிப்பாளர். கணவருக்கு டிக்கோயா, திம்புளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் இருந்தபோது, அங்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்துக்குக் கம்பளித் துணி போர்த்தி, முடியை அவிழ்த்துவிட்டு, தென்னோலைக்கு முன்னால் வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தார். துணி, முடி, பின்னணி என்று இன்று ஸ்டைலிஸ்ட் செய்யும் எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் ஒருவரே செய்திருக்கிறார். முதுகு அழகாக இருக்கிறது என்பதற்காகவே ஒருவரைத் தோட்டக்காரராக எடுத்தாராம், வீட்டில் தோட்டமே இல்லாதபோது! தொழிலாளரையும் ஊர்ச்சனங்களையும் அவர் எடுத்த படங்கள் இன்று வெளிநாட்டு நூதனசாலைகளில் உள்ளன. படத்தில் நிற்பவர்கள் அநேகருடைய பெயர் மட்டும் எழுதப்படவில்லை. அதன் பின்பு பிளாட்டே போன்ற கொழும்புக் கம்பனிகள் கொழுந்து எடுக்கும் பெண்களை எடுத்துத் தபாலட்டையாக விற்றன. தேயிலை விளம்பரத்துக்கென்று புதுச் சேலையும் பொட்டும் கொடுத்து எமது பெண்களை நிரையில் நிறுத்துவதை வாசகர்களில் சிலரும் கண்டிருப்பீர்கள். படங்கு கட்டிய பெண்ணை அந்த விளம்பரத்தில் காண்பது அரிது.

பிற நாடுகளில் இது பெரிய தொழில். கிரேஸ் கொடிங்டன் என்பவர் மொடலாக இருந்து, 1968 இல் பிரித்தானிய வோக் சஞ்சிகையில் இளநிலை ஆசிரியராகச் சேர்ந்து, 1988 இல் அமெரிக்க வோக்குக்குப் போய் உலகப் புகழ் பெற்றார். இந்தியாவில் வோக் 2007 இல் தொடங்கியது. கொழும்பு பெஷன் வீக் 2003 இலிருந்து நடக்கிறது. இங்கே படப்பிடிப்பு வேலை பெரும்பாலும் கொழும்பிலும், உடுப்புக் கடை விளம்பரங்களிலும், இப்போது போனில் உடுப்பு விற்பவர்களிடத்திலும்தான் இருக்கிறது.

இனிக் காசு விடயம். தாய்மார் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. "பழகும் காலம்" என்று சொல்லிச் சம்பளமில்லாமல் வேலை வாங்குவார்கள். எமது தோட்டத்திலிருந்து இதற்கு முன் போன ஒரு பிள்ளைக்கும் இதுதான் நடந்தது. மூன்று மாதம் தன் காசிலேயே பஸ் ஏறி, காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை உடுப்புப் பை தூக்கினார். இரவல் தோடு ஒன்று தொலைந்ததும், அதன் விலையை அவரிடமே கேட்டார்கள். சம்பளமே இல்லாதவரிடம் எதைக் கழிப்பது? தகப்பன் சீட்டுக் காசை எடுத்துக் கட்டினார். எமக்குப் பிந்தித்தான் தெரிய வந்தது. எழுத்தில் ஒன்றுமே இல்லாததால் எம்மால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் குறை எமது மனதில் இன்னும் இருக்கிறது. தோட்டத்தில் அரை நாள் வேலைக்கும் செக்ரோலில் அரைப்பேர் விழும். அங்கே அந்தப் பிள்ளைக்குப் படத்திலும் பேர் விழவில்லை, கணக்கிலும் பேர் விழவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். வோக் சஞ்சிகையை நடத்தும் கொண்டே நாஸ்ட் நிறுவனத்தின் மீது, அதன் சஞ்சிகைகளில் பழகுநராக இருந்த இருவர் 2013 இல் வழக்குப் போட்டார்கள். ஒருவர் பெஷன் சஞ்சிகையில் நாள் முழுவதும் நகை, பை முதலியவற்றை ஒழுங்குபடுத்திய தனக்கு ஒரு நாளைக்கு 12 டொலர்தான் கிடைத்தது என்றார். 2014 இல் நிறுவனம் பல்லாயிரம் முன்னாள் பழகுநர்களுக்காக 58 இலட்சம் டொலர் கொடுக்கச் சம்மதித்தது. இப்படிப்பட்ட வழக்குக்கு நாட்குறிப்பும் சீட்டுகளும் உதவும்.

ஆகவே அந்தத் தாய்க்கு நாம் சொன்னது இதுதான். பிள்ளையை மறிக்க வேண்டாம். ஆனால் நாட்கூலி எவ்வளவு, வரவு போகும் செலவு யாருடையது, இரவானால் வீட்டுக்கு எப்படி வருவது, பொருள் தொலைந்தால் பொறுப்பு யாருடையது என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிய பிறகு போகட்டும். நிரந்தரமாக ஒரு நிறுவனத்தில் வேலை என்றால் ஊழியர் சேமலாப நிதி கட்டாயம். பிள்ளையின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் ஈ.டி.எப். 3 வீதம் முதலாளி கட்ட வேண்டும். தற்காலிக வேலை, பயிலுநர் என்று சொல்லித் தப்ப முடியாது. 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கவும் முடியாது. "அழகான பிள்ளை, நீயே மொடலாக நில்லு" என்று யாராவது ஆசை காட்டி முற்பணம் கேட்டால் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

"தையல் தெரியாம போனா பை தூக்கிற ஆள்தான் ஐயா. தையல் தெரிஞ்சா நிப்பாட்டி வைச்சிருப்பினம்" என்று தண்ணீரூற்றுப் பிள்ளை எம்மிடம் சொல்லியிருந்தார். தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் நைட்டாவிலும் தையல், அழகுக்கலை ஆகியவற்றுக்குத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உண்டு. வன்னியில் பலர் கிளிநொச்சி, வவுனியா கார்மென்ட்களில் மெஷின் பழகியபின் இப்படியான வேலைக்கு வந்திருக்கிறார்கள். கொழும்புக்குப் போகாமலே ஊரில் கலியாணம், சாமத்தியச் சடங்கு என்று வேலை கிடைக்கிறது. இப்போது அவர் கொழும்புக்கு எப்போதாவது கூப்பிட்டால் போவாராம், நாட்கூலியை முன்னரே பேசி, தன் கொப்பியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

கலியாண வீட்டில் பந்தி நடக்கும்போது தேடினோம், அவரைக் காணவில்லை. பின் அறையில் நிலத்தில் உட்கார்ந்து, இரவல் நகைகளைக் கொப்பியோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டியாணத்தில் ஒரு கல் குறைவு. ஆனால் வாங்கிய அன்றே எடுத்த படத்திலும் அந்தக் கல் இல்லை. அதைக் கண்ட பிறகுதான் சாப்பிட எழும்பினார்.

எமது தோட்டத்துப் பிள்ளை அடுத்த மாதம் தையல் வகுப்புக்குப் பதிகிறார். கூட்டாளிப் பிள்ளையிடம் அந்த நான்கு கேள்விகளையும் கடிதத்தில் எழுதிக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.