குவாமிலிருந்து ஹொனலூலுவுக்கு

பசிபிக் மகாசமுத்திரத்தின் மேற்கே அமைந்த குவாம் தீவுக்கும், அதன் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளின் தலைநகரான ஹொனலூலுவுக்கும் இடையே ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 6,100 கிலோமீட்டர் தூரம். உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று அனுகூலமாயிருப்பதால் குவாமிலிருந்து ஹொனலூலு செல்லச் சுமார் 7 மணி நேரம் போதும். அதே காற்றை எதிர்த்துத் திரும்புவதற்கோ 8 மணி நேரம் ஆகிறது.

வழியில் சர்வதேசத் தேதிக்கோடு குறுக்கிட, இரண்டு ஊர்களின் கடிகாரங்களும் 20 மணி நேரம் வேறுபடுவதால், செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்குக் குவாமில் புறப்பட்ட பிரயாணி, திங்கட்கிழமை மாலை 6 மணிக்கு ஹொனலூலுவில் இறங்கி, முன்பே கழிந்துபோன அந்த இரவை இரண்டாம் முறையாகக் கழிக்கிறார் என்பது ஆச்சரியமே!

அதனினும் மகத்தானது, சூக், போன்பே, கொஸ்ரே, குவாஜலின், மஜூரோ முதலிய சிறு தீவுகளில் இறங்கி ஏறிச் செல்லும் மற்றொரு விமானம். பொழுது முழுவதையும் எடுத்துக்கொள்ளும் அந்த நெடும்பயணத்தில், நடுக்கடல் தீவொன்றில் இயந்திரம் பழுதுற்றால் செப்பனிட ஆள் கிடைப்பது துர்லபம் என்பதால், இயந்திர நிபுணர் ஒருவர் உதிரி பாகங்களுடன் கூடவே பிரயாணம் செய்கிறார்.