நீருக்குள் என்ன இருக்கிறது? பாலத்தில் நின்று படம் எடுங்கள்!

சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்திற்குப் போயிருக்கிறீர்களா? சிங்கப்பூரின் வடமேற்கில், ஜொகூர் நீரிணையை ஒட்டியுள்ள இந்த இடம் 1993ல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்குள்ள சிற்றாற்றின் குறுக்கே ஒரு நடைபாலம் உண்டு. கொக்கு, உடும்பு, அதிர்ஷ்டம் இருந்தால் உவர்நீர் முதலை என எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்க்கலாம்.

ஆனால் கைப்பேசியை எடுத்து ஆற்றைப் படம் பிடித்தால் பல நேரங்களில் ஏமாற்றம்தான். படத்தில் தெரிவது வானத்தின் வெள்ளைப் பளபளப்பு மட்டுமே. கரையோரம் நீந்தும் மீன் எங்கே? அது அங்கேதான் இருக்கிறது. நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி அதை மறைத்துவிடுகிறது.

இந்த ஒளிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. சாதாரண ஒளியின் அலைகள் எல்லாத் திசைகளிலும் அதிர்கின்றன. நீரில் பட்டுத் திரும்பும் ஒளியோ பெரும்பாலும் கிடைமட்டமாகவே அதிர்கிறது. இதை ஒளியின் முனைவாக்கம் என்பார்கள். கிடைமட்ட அதிர்வைத் தடுக்கும் போலரைசர் ஃபில்ட்டரை கேமராவின் முன் வைத்தால், பளபளப்பு அடங்கி நீருக்குள் இருப்பது தெரியும். ஃபில்ட்டர் இல்லையா? ‘போலரைஸ்டு’ கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கைப்பேசியின் லென்ஸ் முன் வைத்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் பளபளப்பு மறையும்; இன்னும் 90 பாகை சுழற்றினால் திரும்பி வந்துவிடும்.

எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் முக்கியம். 1815ல் ஸ்காட்லாந்து அறிவியலாளர் டேவிட் புரூஸ்டர் இதற்கான விதியைக் கண்டறிந்தார். நீரைப் பொறுத்தவரை, செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 53 பாகையில் திரும்பும் ஒளியே முழுமையாக முனைவாக்கம் அடைகிறது. கணக்கு எளிது: நீர்மட்டத்திலிருந்து உங்கள் கேமராவின் உயரத்தை, நீரின் ஒளிவிலகல் எண்ணான 1.33ஆல் பெருக்குங்கள். உயரம் 3 மீட்டர் என்றால், உங்களுக்கு நேர்கீழே உள்ள இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளிப் பாருங்கள். அங்கேதான் ஃபில்ட்டர் மிக நன்றாக வேலை செய்யும்.

இந்த ஆற்றில் கடலின் ஏற்றவற்றமும் உண்டு. நீர் வற்ற வற்ற உங்கள் உயரம் கூடும். 4.5 மீட்டர் ஆனால் பார்க்க வேண்டிய தூரம் 6 மீட்டர். ஆகவே, புறப்படும் முன் அன்றைய ஏற்றவற்ற நேரத்தைப் பாருங்கள். நீர் வற்றும்போது சேற்றில் துள்ளும் மட்ஸ்கிப்பர் மீன்களையும் காணலாம்.

இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். ஃபில்ட்டர் ஒளியில் பாதியையாவது குறைத்துவிடும். கேமரா கூடுதல் நேரம் ஒளியை வாங்க வேண்டியிருப்பதால், யாராவது நடந்து பாலம் அதிர்ந்தால்கூட படம் மங்கும். அவர்கள் கடந்து போகும்வரை பொறுத்திருங்கள். அடுத்து, கலங்கிய நீரை எந்த ஃபில்ட்டராலும் தெளிவாக்க முடியாது. சேற்றுத் துகள்கள் ஒளியை உள்ளேயே சிதறடிப்பதே காரணம்.

நீருக்குள் எதுவும் தெரியவில்லை என்பதற்காக அங்கே எதுவும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். முதலை மூழ்கியிருக்கலாம். நல்ல கோணம் தேடித் தடுப்புக்கு வெளியே சாய்வதும், பாதையை விட்டுச் சேற்றில் இறங்குவதும் ஆபத்து. உங்களுக்குத் தேவையான கோணத்தைப் பாலமே தருகிறது.

அடுத்த முறை போகும்போது ஒரே இடத்தில் இரண்டு படங்கள் எடுங்கள்: ஃபில்ட்டருடன் ஒன்று, இல்லாமல் ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்து, முதல் படத்தில் புதிதாக என்னென்ன தெரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.